நீ என்ன ரகம்?

களத்திலிருந்து வந்து குவிந்த நெல்லில் ஒரு கை அள்ளி, ஈரமானியில் இட்டு, 17 சதவீதத்துக்கு உட்பட்டதா என்று பார்த்து, சன்னமா பொதுவா என்று ரகம் பிரித்த பிறகே, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அதை 40 கிலோ சிப்பமாகக் கட்டுகிறார்கள். வாசலில் நடக்கும் இந்தப் பரீட்சையே கூடாதென்று தஞ்சை ஜில்லாவில் எந்த விவசாயியும் சொல்லமாட்டார். (ஈரப்பத அளவைத் தளர்த்தச் சொல்லி வழக்காடுவார் என்பது வேறு விஷயம்.)

கணினி நிரலிலும் இத்தகைய பரீட்சை உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தன் கைக்கு வந்த பொருளைப் பார்த்து 'நீ எந்த வகுப்பைச் சேர்ந்தவன்?' என்று விசாரிப்பதற்கு ஜாவாவில் 'இன்ஸ்டன்ஸ்ஆஃப்' என்றும் பைத்தானில் 'இஸ்இன்ஸ்டன்ஸ்' என்றும் பெயர். நார்வே தேசத்து டாலும் நைகார்டும் படைத்த சிமுலா 67 மொழியிலேயே இந்த விசாரணைக்கு இடமிருந்தது.

வெளியிலிருந்து சரக்கு நுழையும் வாசலில் ஒருமுறை இவ்வாறு கேட்பது விவேகம் என்றும், உள்ளே வந்தபின் அறைதோறும் கேட்பது நிரலை வகுத்தவரின் சோம்பல் என்றும் நான் கருதுகிறேன். அறுவடை நாளைக் கணக்கிடும் நிரலொன்றில், 'ஏ.டி.டி. 43 ஆனால் 110 நாள், சி.ஆர். 1009 ஆனால் 155 நாள்' என்று பத்து இடங்களில் எழுதிவைத்தால், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் புது ரகம் வெளியிடும் போதெல்லாம் அந்தப் பத்து இடங்களையும் தேடித் திருத்த வேண்டும்; ஒன்று விட்டுப்போனாலும், ஒருவர் கண்ணிலும் படாமல் தேதி பிசகிவிடும். ரகம் தன் வயதைத் தானே சொல்லும்படி வகுத்துவிட்டால் அந்த விசாரணைக்கே அவசியமில்லை.

கேட்டே தீரவேண்டிய இடத்திலும் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் மீண்டும் துளிர்க்கும் சி.ஆர். 1009 சப் 1 என்பது, தாய் ரகத்தின் நீண்ட வயதையும் குண்டு மணியையும் அப்படியே வைத்துக்கொண்டு, வெள்ளம் தாங்கும் சுபாவத்தை மட்டும் புதிதாய்ப் பெற்ற வாரிசு. நிரலிலும் அதைச் சி.ஆர். 1009 வகுப்பின் வாரிசாகவே எழுதியிருந்தால், 'நீ சாட்சாத் சி.ஆர். 1009-தானா?' என்று பைத்தானின் 'டைப்' கொண்டு ஒப்பிட்டால் 'இல்லை' என்றும், 'அந்த வம்சமா?' என்று 'இஸ்இன்ஸ்டன்ஸ்' மூலம் கேட்டால் 'ஆம்' என்றும் விடை வரும். முதல் கேள்வியோ பிள்ளையைத் தகப்பன் வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்திவிடுகிறது!

நம் பக்கத்துக் கல்லூரிகளில் நிரலாக்கம் போதிக்கும் ஆசிரியர்கள், இந்தச் சோதனையைச் சொல்லிக்கொடுக்கும் அன்றே, அதை எங்கெங்கு செய்யலாகாது என்பதையும் மாணவர்க்குச் சொல்லிவிட வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.