மதுரையைச் சுற்றிப் பார்க்க வாருங்கள்

சித்திரை பிறந்துவிட்டால் நம் மாவட்டத்துக்கு வெளியூர்க் கூட்டம் வந்து குவியும். மீனாட்சி கோயில், நாயக்கர் மகால், அழகர்மலை, காந்தி மியூசியம், கடைசியில் ஒரு ஜிகர்தண்டா என்று அவர்கள் சுற்றும் வரிசை எல்லோருக்கும் தெரியும். அந்த வரிசையின் மேல் நமக்கு எந்தப் புகாரும் இல்லை. மதுரையைப் போல ஓர் ஊர் உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் நாமும் சொல்வோம்.

சேரியில் பிறந்தவனுக்கு ஊர்ப்பாசம் எங்கிருந்து வரும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் பையன்களிடம் பேசிப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முந்தின இரவு பேருந்தில் இடம் கிடைக்காமல், விடிய விடிய நின்றுகொண்டே மாட்டுத்தாவணி வந்து இறங்குகிறவர்கள் அவர்கள். வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போன அண்ணன்மார் போனில் முதலில் கேட்பது கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்பதைத்தான். அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் அவர்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இருக்காது. இருந்தாலும் கேட்பார்கள்.

ஊரைவிட்டு வெளியே போனவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். தில்லியிலோ மும்பையிலோ 'எந்த ஊர்?' என்று கேட்டால், 'தமிழ்நாடு' என்றதும் பேச்சு முடிந்துவிடும். 'மதராசி' என்று ஒரு பட்டம் கிடைக்கும், அவ்வளவுதான். சொந்த மண்ணில் அது அப்படி முடிவதில்லை. 'எந்த ஊர் தம்பி?' 'மேலூர்ப் பக்கம்ணே.' 'மேலூர்ல எங்க?' ஊர்ப் பெயரைச் சொல்வோம். 'அங்க எந்தத் தெரு?' இந்த மூன்றாவது கேள்விக்கு என்ன பொருள் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பேருந்தில் கேட்கிறார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில் கேட்கிறார்கள். கல்லூரியில் முதல் வாரத்திலேயே கேட்டு முடித்துவிடுகிறார்கள். நம் பிள்ளைகளில் பலர் சொந்த மாநிலத்தை ஆசை தீரச் சுற்றிப் பார்க்காமல் இருப்பதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை.

சுற்றுலா என்றால் என்ன? தெரியாத ஊரில் இறங்கி, தெருவில் நடந்து, தாகம் எடுத்தால் தண்ணீர் குடித்து, கோயிலோ குளமோ பார்த்துவிட்டுத் திரும்புவது. இதில் ஒவ்வொன்றும் நமக்குச் சட்டம் போட்டு வாங்கித் தரப்பட்டது என்பதை மாணவர்கள் மறந்துவிடக் கூடாது. மதுராந்தகம் அருகே கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1923-இல் சென்னை சட்டமன்ற மேலவை உறுப்பினரானார். மறு ஆண்டு ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பைச் சேர்ந்தவரும் எந்த ஊரின் பொதுத் தெருவிலும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தண்ணீர் எடுக்கலாம், பொது அலுவலகங்களுக்குள் நுழையலாம் என்பதே அதன் சாரம். 1925-இல் அது அரசிதழில் வெளிவந்தது. நூறு ஆண்டுதான் ஆகிறது. நம் பாட்டனின் தகப்பன் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 'ஊர் சுற்றுவது' என்ற சொல்லே நமக்குப் பொருந்தாது. ஊரைச் சுற்றிக்கொண்டு, வயல் வரப்பில் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது.

அந்தத் தீர்மானத்தை இன்றைக்கு யாராவது நினைத்துப் பார்க்க வேண்டும் என்றால், ரதவீதியில் நடக்கும்போது நினைக்கலாம்.

கோயிலுக்குள்ளும் அப்படித்தான். மீனாட்சி கோயிலில் வழிகாட்டிகள் ஆயிரங்கால் மண்டபத்தைச் சொல்வார்கள், பொற்றாமரைக் குளத்தைச் சொல்வார்கள், இசைத்தூணைத் தட்டிக் காட்டுவார்கள். 1939 ஜூலை 8 என்ற தேதியை அவர்களில் எத்தனை பேர் சொல்கிறார்கள்? அன்றுதான் வைத்தியநாத அய்யர் தலைமையில் நம்மவர்கள் அந்தக் கோயிலுக்குள் முதன்முதலாகப் போனார்கள். கூடப் போன நாடார் சமூகத்தவருக்கும் அதுவரை கதவு அடைத்தே இருந்தது. ராஜாஜி அரசு அதே ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் கொண்டுவந்ததற்கு அந்த நாள் ஒரு காரணம். எல்லோரையும் விடாத கோயிலுக்குள் தாமும் போவதில்லை என்றிருந்த காந்தி, 1946-இல்தான் மீனாட்சியைப் பார்த்தார். கோபுரத்தில் எத்தனை சுதை உருவம் என்று எண்ணிச் சொல்லும் நாம், இதையும் ஒரு வரி சொல்லலாம்.

அன்று உள்ளே போனவர்களில் ஒருவர் கக்கன். மேலூரை அடுத்த தும்பைப்பட்டிக்காரர், 1908-இல் பிறந்தவர். பின்னாளில் பொதுப்பணித் துறை அமைச்சர், உள்துறை அமைச்சர். விடுமுறையில் குடும்பம் குடும்பமாக வைகை அணைக்குப் போகிறோம். பூங்காவில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டுப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம். 1959-இல் காமராசர் அந்த அணையைத் திறந்தபோது பொதுப்பணித் துறையைக் கையில் வைத்திருந்தவர் தும்பைப்பட்டி கக்கன். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே 'எந்தத் தெரு' என்று கேட்கிறவர்களும் நம் மாவட்டத்தில் இருக்கிறார்கள். பதவி போன பிறகு அரசுப் பேருந்தில் போய் வந்தவர், கடைசிக் காலத்தில் மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரணப் படுக்கையில் கிடந்தவர் என்று அவருடைய எளிமையை எல்லோரும் பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும். ஆனால் எளிமையை மட்டுமே பேசி, அவர் செய்த வேலையை மறந்துவிடுவது ஒரு வசதியான பாராட்டு. தும்பைப்பட்டியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. நெடுஞ்சாலையில் திருச்சிக்குப் பறக்கிற கார்களில் எத்தனை அந்தப் பக்கம் திரும்புகின்றன என்று நின்று பார்த்தால் தெரியும்.

அதே மேலூர் வட்டத்தில் மேலவளவு. இதை எழுதும்போது கை சற்று நிற்கத்தான் செய்கிறது. 1996-இல் அந்த ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் நின்றார், வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் மனுக் கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஊர் திரும்பியவரையும் உடன் வந்தவர்களையும் வழியில் மறித்து வெட்டிக் கொன்றார்கள். பேருந்து, பொதுச் சாலை, பட்டப்பகல். 1925-இன் அரசிதழ் ஊருக்குள் வந்து சேர எவ்வளவு காலம் ஆகிறது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019-இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டதும் நினைவிருக்கும். இறந்தவர்கள் கிடக்கும் இடத்துக்கு விடுதலைக் களம் என்று பெயர். ஆண்டுதோறும் ஜூன் 30 அன்று அங்கே கூடுகிறார்கள். மற்ற நாட்களில் அமைதியாக இருக்கும்.

சுற்றுலாவுக்கு வருகிறவர்களிடம் சாவுக் கதையைச் சொல்லலாமா என்று சில ஆசிரியர்களே கேட்கிறார்கள். ஜாலியன் வாலாபாக்கில் சுவரில் உள்ள குண்டுத் துளையைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். அந்தமானுக்குப் போனவர்கள் செல்லுலார் சிறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. வெள்ளைக்காரன் கொன்றால் வரலாறு, பக்கத்து ஊர்க்காரன் கொன்றால் 'எதற்கு அதையெல்லாம் கிளற வேண்டும்' என்பது சரியல்ல. ஊராட்சி மன்றத் தேர்தலில் நின்றதற்காக ஒருவர் உயிரைக் கொடுத்த மண், குடியரசுக்காக உயிரைக் கொடுத்த மண்தான்.

கதை அங்கேயே நின்றுவிடவும் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996-இலிருந்து பத்தாண்டுகள் தேர்தல் நடத்த முடியவில்லை, நடந்தாலும் தலைவர் நிலைக்கவில்லை. 2006-இல் நடந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் உதயச்சந்திரன். (பின்னாளில் தொல்லியல் துறை ஆணையராகக் கீழடி அகழாய்வை முன்னெடுத்தவரும் அவரே. மண்ணுக்குள் புதைந்ததைத் தோண்டுவதைவிட முதல் வேலைதான் கடினமாக இருந்திருக்கும்.) 2021 காந்தி ஜெயந்தி அன்று முதலமைச்சர் பாப்பாபட்டி கிராம சபையில் வந்து உட்கார்ந்தார். உத்தப்புரத்தில் சுவரின் ஒரு பகுதி 2008-இல் உடைக்கப்பட்டது. இவையெல்லாம் நம் மாவட்டத்துப் பெருமைகள். இவற்றை வெட்கம் என்று ஒளித்து வைக்கிறோம்.

கீழடி சிவகங்கை மாவட்டத்தில் இருந்தாலும் மதுரைக்காரர்கள் அதை விட்டுக்கொடுப்பதில்லை. அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளில் ஆதன் என்று கீறியிருப்பதைப் பார்த்துவிட்டு நம் மாணவி ஒருத்தி, 'ஆதன் மட்டும்தானா, பின்னால் ஒன்றும் இல்லையா?' என்று கேட்டாள். ஒன்றும் இல்லை. அவனை யாரும் 'எந்தத் தெரு' என்று கேட்டார்களா என்பதை ஓடு சொல்லவில்லை.

மேலூர் வரை போகிறவர்கள் அரிட்டாபட்டியையும் விட்டுவிட வேண்டாம். பாண்டியர் காலக் குடைவரை, சமணர் சிற்பம், தமிழி எழுத்து, மலை உச்சியில் வல்லூறு எல்லாம் ஒரே இடத்தில் உண்டு. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டபோது, 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் நடந்தே மதுரைக்கு வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. மலையைக் காக்க எல்லாத் தெருக்காரர்களும் ஒரே சாலையில் நடக்க முடிந்திருக்கிறது. அந்த நடை மலைக்கு மட்டும் என்று நிறுத்திக்கொள்வது ஏன்?

இவ்வளவையும் சொல்லிவிட்டு இந்த மாநிலம் பிடிக்கும் என்கிறீர்களே, எப்படி என்று கேட்கலாம். பிடிக்கும். ஆதிதிராவிடர் நல விடுதியில் பருப்பில் தண்ணீர் அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டே படித்து முடித்தவர்கள் நாம். சத்துணவு சாப்பிட்ட தட்டு நம்முடையது. 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானபின், களத்துமேட்டைத் தாண்டாத நம் பெரியம்மாக்கள் அழகர்கோயிலுக்கும் பழமுதிர்சோலைக்கும் தாமாகக் கிளம்பிவிடுகிறார்கள். சன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டு போவதைப் பார்த்தால் தெரியும். சுற்றுலாத் துறை எந்த விளம்பரத்திலும் போடாத படம் அது. இந்த மாநிலத்தை உழைத்துக் கட்டியவர்கள், கட்டியதில் தம் பங்கைக் கேட்டு வாங்கியவர்கள் என்ற முறையில்தான் நாம் இதைக் கொண்டாடுகிறோம். விருந்தாளியாக இல்லை.

அதனால் பள்ளிகளிடம் ஒரு கோரிக்கை. கல்விச் சுற்றுலா என்று பொழுதுபோக்குப் பூங்காவுக்கும் கொடைக்கானலுக்கும் கூட்டிப் போகிறீர்கள். காசு கட்ட முடியாத பிள்ளைகள் அன்று காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடுகின்றன. வகுப்பாசிரியருக்கு அது தெரியாமல் இல்லை. மேலூர்ப் பயணத்துக்கு நுழைவுக் கட்டணம் பெரிதாக ஒன்றும் ஆகாது. மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் செய்ய வேண்டியது சிறியது: மாவட்டச் சுற்றுலாக் கையேட்டில் தும்பைப்பட்டி, மேலவளவு ஆகிய இரண்டு பெயர்களைச் சேர்ப்பது, நெடுஞ்சாலையில் வழிகாட்டிப் பலகை வைப்பது, கோயில் வழிகாட்டிகளுக்கு 1939-ஐச் சொல்லிக் கொடுப்பது.

பெற்றோர் தாமாகப் போவதென்றாலும் ஒரு நாள் போதும். காலையில் மாட்டுத்தாவணியில் மேலூர்ப் பேருந்து ஏறுங்கள். வெயில் ஏறுவதற்குள் அரிட்டாபட்டி மலை, பிறகு தும்பைப்பட்டி, மாலையில் மேலவளவு. தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியும் அவசியம், மலையில் நிழல் குறைவு. கோடையில் முடியாதவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஜூன் 30-க்கும் ஜூலை 8-க்கும் இடையில் எட்டு நாள்தான். பள்ளி திறந்து நான்கைந்து வாரம் ஆகியிருக்கும், பாடச் சுமை இன்னும் ஏறியிருக்காது. முதல் தேதிக்கு மேலவளவும் அடுத்த தேதிக்கு மீனாட்சி கோயிலும் என்று தலைமையாசிரியர்கள் இப்போதே நாட்காட்டியில் குறித்துக்கொண்டால், பேருந்துக்குச் சொல்லி வைக்க நேரம் இருக்கும்.