கொசுவுக்கும் மசூதிக்கும் என்ன சம்பந்தம்?

இணையத்தில் பல வருடங்களாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கதை ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் மசூதியைக் குறிக்கும் 'மாஸ்க்' என்ற சொல், கொசுவைக் குறிக்கும் 'மஸ்கிட்டோ'விலிருந்து வந்ததாம். ஸ்பெயினின் ஃபெர்டினாண்டும் இசபெல்லாவும் முஸ்லிம்களைக் கொசுவை நசுக்குவது போல நசுக்கப் போவதாகச் சொன்னார்களாம், அதிலிருந்து பிறந்த சொல்லாம். ஒரு தரப்பு இதைச் சொல்லிச் சிரிக்கிறது. இன்னொரு தரப்பு இதையே நம்பி, அந்தச் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள் என்று மின்னஞ்சல் அனுப்புகிறது. இரண்டு தரப்பும் ஒரே பொய்யைத்தான் சுமக்கின்றன.

உண்மை ரொம்பச் சாதாரணமானது. அரபியில் மஸ்ஜித் என்றால் சிரம் தாழ்த்தி வணங்கும் இடம். ஸ்பானிஷ் மொழியில் அது மெஸ்கித்தா ஆனது. இத்தாலி, பிரான்ஸ் வழியாக நடந்து தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் பழைய வடிவங்கள் 1400 வாக்கிலேயே ஆங்கில எழுத்தில் இருக்கின்றன. கதையில் வரும் அரசனும் அரசியும் கிரானடாவைப் பிடித்தது 1492-ல். பிள்ளை பிறந்து நூறு வருடம் கழித்தா கல்யாணம் நடக்கும்?

'மஸ்கிட்டோ' தனிக் குடும்பம். ஸ்பானிஷில் மோஸ்கா என்றால் ஈ. அதோடு சிறுமையைக் காட்டும் விகுதி சேர்ந்தால் மோஸ்கிட்டோ, அதாவது குட்டி ஈ. அவ்வளவுதான் விஷயம்.

சரி, கொசுவுக்கு உண்மையான சொந்தக்காரர்கள் யார்? பழைய மஸ்கெட் துப்பாக்கி! இத்தாலிய மொழியில் ஈயின் பெயரிலிருந்து குறுக்குவில்லின் ஒரு வகை அம்புக்குப் பெயர் வந்தது, அதிலிருந்து துப்பாக்கிக்கு. (ஓமன் நாட்டு மஸ்கட் நகரத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.) இன்னொன்று, விதானத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'கேனப்பி'. கிரேக்கத்தில் கோனோப்ஸ் என்றால் கொசு. கொசுவலை போட்ட கட்டிலுக்கு அதிலிருந்து ஒரு பெயர். அது லத்தீன் வழியாக வந்து கேனப்பி ஆனது. காதில் கொஞ்சமும் கொசு போல ஒலிக்காத சொல்லுக்குள் கொசு உட்கார்ந்திருக்கிறது. கொசு போலவே ஒலிக்கும் சொல்லுக்குள் இல்லை. ஒலியை மட்டும் நம்பிப் பொருள் சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

இப்போது ஐரோப்பாவின் சாதாரண வீட்டுக்கொசுவை எடுத்துக்கொள்வோம். 1758-ல் லின்னேயஸ் அதற்கு வைத்த பெயர் குலெக்ஸ் பிப்பியன்ஸ். "குளத்தில் முட்டையிடுவதால் குலெக்ஸ், ஆகவே இது தமிழ்ச் சொல்" என்று யாராவது எழுதினால் கைதட்ட ஆள் கிடைக்கும். ஆனால் குலெக்ஸ் என்பது பழைய லத்தீனில் கொசுவுக்கும் சிறு பூச்சிகளுக்கும் இருந்த பெயர். அதற்கு உறவு பழைய ஐரிஷ் மொழியின் 'குயில்', வேல்ஸ் மொழியின் 'கில்யோன்'. இரண்டுக்குமே பொருள் பறக்கும் சிறு பூச்சி. அங்கேயும் ஒலிதானே ஒத்துப்போகிறது என்று கேட்கலாம். ஒத்துப்போகிறது. ஆனால் அந்த மொழிகளுக்கிடையே நூற்றுக்கணக்கான சொற்களில் அதே ஒலி மாற்றம் ஒழுங்காக நடந்திருக்கிறது, பொருளும் பொருந்துகிறது. ஆதாரம் என்றால் அது. ஒரு சொல்லை மட்டும் பிடித்து இழுத்து வந்து சொந்தம் கொண்டாடுவது ஆதாரமில்லை. ஐரிஷ் 'குயில்' காதில் விழுந்ததும் கூவுகிற குயில் ஞாபகம் வருகிறதா? அதுதான் பொறி :)

பிப்பியன்ஸ் என்றால் 'பீ பீ' என்று ஒலிப்பது. தமிழ்க் குழந்தைகளும் ஊதலைப் பீப்பீ என்கிறார்கள். இதில் உறவு எதுவும் கிடையாது. சத்தத்தைப் பார்த்து வைத்த பெயர்கள் உலகம் முழுக்க ஒன்று போலத்தான் இருக்கும். ஐரோப்பாவில் கொசுவையும் சிறு பூச்சிகளையும் தின்னும் ஒரு குட்டி வௌவால் உண்டு, பிப்பிஸ்ட்ரெல். இதுவும் 'பீ பீ' என்று கத்துவதால் வந்த பெயரோ? இல்லை. லத்தீனில் வெஸ்பெர் என்றால் மாலை. மாலையில் வருவதால் வௌவாலுக்கு வெஸ்பெர்டிலியோ என்று பெயர். இத்தாலியர் வாயில் அது பிப்பிஸ்ட்ரெல்லோ ஆனது.

இதைவிட நுட்பமான பொறி, டெங்கு பரப்பும் ஏடிஸ். லத்தீனில் ஏடிஸ் என்றால் வீடு, கோயில். வீட்டைச் சுற்றியே வாழும் கொசு என்பதால் இந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆனால் தவறு. 1818-ல் மைகென் வைத்த அந்தப் பெயர் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பொருள், அருவருப்பானது. பொருந்தாத பொய்யை யாரும் நம்பப் போவதில்லை. பொருந்துகிற பொய்தான் பாடப்புத்தகம் வரை போய்விடும்.

"வெறும் சொல் விளையாட்டு, ரசித்துவிட்டுப் போங்களேன்" என்பார்கள். விளையாட்டாக நின்றால் யாருக்கு என்ன குறை? நிற்பதில்லையே.

குலிக்காய்டிஸ் என்று ஒரு பூச்சி. பெயரின் பொருளே 'குலெக்ஸ் போன்றது'. போன்றது என்றால் அதுவே இல்லை என்றுதான் அர்த்தம். இது கொசுக் குடும்பத்திலேயே சேராத குட்டிப் பூச்சி. 2006-ல் வடமேற்கு ஐரோப்பாவின் ஆடுமாடுகளிடையே நீலநாக்கு நோயைப் பரப்பியது இந்த இனம்தான். ஓரிரு மில்லிமீட்டர் அளவே இருப்பதால் சாதாரணக் கொசுவலைக்குள் புகுந்துவிடும். பெயர் ஒன்று போல இருக்கிறதே என்று கொசுவலையை நம்புகிற பண்ணைக்காரருக்கு நஷ்டம் மாட்டுத் தொழுவத்தில்.

ஐரோப்பிய வீட்டுக்கொசுவிலேயே மொலெஸ்டஸ் என்றொரு வகை. லத்தீனில் 'தொல்லை தருவது' என்று பொருள். அதே வேரில் வந்த ஆங்கிலச் சொல்லுக்கு இன்று வேறு விகாரமான பொருள் ஏறிவிட்டது, அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினால் அபத்தம். இரண்டாம் உலகப் போரில் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் தஞ்சம் புகுந்தவர்களைக் கடித்ததால் இதற்கு 'லண்டன் பாதாள ரயில் கொசு' என்று இன்னொரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயரை வைத்தே, சுரங்கம் தோண்டிய பிறகு நூறு வருடத்தில் அங்கேயே பரிணாமம் அடைந்த கொசு என்ற கதை பரவியது. ஆனால் ஃபோர்ஸ்கால் எகிப்தில் கண்டு எழுதிய குறிப்பில் மொலெஸ்டஸ் என்ற பெயர் அச்சானது 1775-ல். லண்டன் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியது 1863-ல். 2025-ல் வெளியான மரபணு ஆய்வு, இந்த வகை ஆயிரம் முதல் பத்தாயிரம் வருடங்களுக்கு முன்பே மத்தியதரைக்கடல், மத்தியக் கிழக்குப் பகுதியில் உருவானது என்றது. பெயர்ப்பலகையைப் பார்த்துப் பிறந்த ஊரைத் தீர்மானித்ததன் பலன் இது.

இது ஏட்டுச் சண்டை இல்லை. 1996-ல் புக்காரெஸ்ட் நகரத்தில் வெஸ்ட் நைல் காய்ச்சல் பரவி நூற்றுக்கணக்கானோர் மூளை, நரம்பு பாதித்துப் படுத்தார்கள். பரப்பியது இந்தச் சாதாரண வீட்டுக்கொசு, அடுக்குமாடிகளின் தண்ணீர் தேங்கிய அடித்தளங்களில் வளர்ந்தது. எந்தக் கொசு, எங்கே வளர்கிறது, யாரைக் கடிக்கிறது என்று சரியாகத் தெரிந்தால்தான் தடுக்க முடியும். பெயர் அந்த அறிவுக்குக் கதவு. கதவின் மேல் தப்பாக எழுதி வைத்தால் ஆட்கள் வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

மசூதிக் கதை இன்னும் மோசம். அது நோயைத் தடுக்காமல் விடுவதோடு நிற்கவில்லை, மனிதரைப் பூச்சியாக்குகிறது. ஒரு கூட்டத்தைப் பூச்சி என்று அழைத்தவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதற்கு 1994-ன் ருவாண்டா போதும். அங்கே துட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்றுதான் அழைத்தார்கள்.

அடுத்த முறை "இந்தச் சொல் அந்தச் சொல்லிலிருந்து வந்தது தெரியுமா?" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், அனுப்பியவரிடம் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். எந்த வருடம்? எந்த மொழி வழியாக? இதே மாற்றம் வேறு எந்தச் சொல்லில் நடந்திருக்கிறது? பதில் இல்லையென்றால் அந்த மின்னஞ்சலும் காதருகே கேட்கும் ரீங்காரம்தான். தட்டிவிட்டுத் தூங்கலாம்.