பழைய விரலும் புதிய பொறியும்

பெற்றோர்க்குப் பிள்ளைகள் ஆசிரியராகும் காலம் இது. நமக்கு நடை பழக்கிய கையை இன்று நாம் பிடித்து நடத்துகின்றோம் என்னும் பெருமிதம் மாணவர் பலர்க்கும் உண்டு, எமக்கும் இருந்தது. அப்பெருமிதம் எம்மை விட்டு நீங்கிய வரலாற்றையும், அதனின்று யாம் பெற்ற ஒரு கருத்தையும் இம்மலரின் வாயிலாக நம் கல்லூரி அன்பர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம். நகைப்பவர் நகைக்க; நகைத்து முடித்தபின், தத்தம் இல்லத்துக் கணிப்பொறியையும் அதன்முன் அமர்ந்திருப்பவரையும் ஒருமுறை நோக்குக.

எம் இல்லம் மயிலாப்பூரில் லஸ் முனைக்கு அண்மையில் உள்ளது. தந்தையார் அறுபத்தைந்து வயதினர். ஓர் அலுவலகத்தில் தட்டச்சராய் இருந்து ஓய்வு பெற்றவர். யாம் அவர்க்குக் கடைக்குட்டி. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வந்து, காப்பி அருந்தியதும், அவர் கணிப்பொறியின்முன் அமர்ந்து தூத்துக்குடியிலுள்ள தம் தமக்கையார்க்கு ஒரு மடல் தட்டச்சிடுவார். அத்தையார்க்கு வயது எழுபத்தெட்டு. செவிப்புலன் குன்றியவராதலின் அவர்க்குத் தொலைபேசி பயன்படாது. கைப்பேசியின் சிறு திரையோ அவர் கண்ணுக்கு ஒவ்வாது. பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளே அவர்தம் செவி. திங்கட்கிழமை அம்மடல் அஞ்சலிற் சேரும். பதினோராண்டாக இவ்வழக்கம் ஒரு வாரமும் தவறியதில்லை.

இந்நிலையில் 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14 வந்தது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொது ஆதரவு அந்நாளோடு முடிவுற்றது. அதனால் பொறி அன்றே நின்றுவிடவில்லை; ஆயின், புதிது புதிதாய்க் காணப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை வழக்கம்போல் அடைத்துத் தரும் பணி நின்றது. ஓராண்டுக் கால நீட்டிப்புக்கு அந்நிறுவனத்தார் வழி செய்தனர் எனினும், அது தவணையேயன்றித் தீர்வன்று. விண்டோஸ் 11-க்கு மாறலாமெனின், அது டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லையும் புதிய செயலியையும் வேண்டி நிற்பது. எம் வீட்டுப் பொறிக்கோ வயது பத்தாண்டுக்கு மேல். ஓய்வூதியக் கணக்கைத் தந்தையார் அதிலேயே பார்ப்பவர். ஓட்டைப் படகில் அவரை விட்டுவைக்க மனம் வரவில்லை. நன்றாய் ஓடும் பொறியைக் குப்பையில் எறியவும் மனம் வரவில்லை. ஆதலின், 1991-இல் பின்லாந்து நாட்டு மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்ததும், கட்டணமின்றிக் கிடைப்பதுமாகிய லினக்ஸுக்கு அவரை மாற்றுவதென யாமே முடிவு செய்தோம். அவரைக் கேட்டோமா எனின், கேட்கவில்லை. முதற்பிழை அதுவே.

பெற்றோர் இருவரும் ஒரு திருமணத்துக்குப் புடைவை எடுக்கத் தியாகராய நகர் சென்ற ஒரு சனிக்கிழமையை இதற்கெனத் தேர்ந்தோம். தியாகராய நகரிற் புடைவை எடுக்கச் சென்றவர் திரும்புமுன் ஒன்றன்று, மூன்று இயங்குதளங்களை நிறுவலாம். ரிச்சித் தெருவில் வாங்கி வைத்திருந்த எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பழைய வட்டுக்கு மாற்றாகப் பொருத்தி, லினக்ஸ் மின்ட் என்னும் வகையை நிறுவி, விளக்கேற்றி வைத்த வீடுபோல் பொறியை ஒளிரச் செய்து காத்திருந்தோம். பெயரைக் கேட்ட தாயார், “புதினாவா? துவையலுக்காவது ஆகுமா?” என்றார். தந்தையார் ஒன்றும் கூறாது மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, திரையை நெடுநேரம் நோக்கி, “சீ எங்கே, தம்பி?” என்றார்.

வைதார் என்று அஞ்சினோம். அவர் வினவியது சீ டிரைவை. இத்தளத்தில் சீயும் இல்லை, டீயும் இல்லை. அனைத்தும் ஒரே வேரினின்று கிளைக்கும் என்று மரத்தை உவமை காட்டி விளக்கினோம். “அப்படியானால் என் கடிதங்கள் எந்தக் கிளையில்?” என்றார். படியெடுத்து வைத்திருந்த ஒரு மடலைத் திறந்து காட்டினோம். திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் சந்தையிற் கொட்டிய கத்தரிக்காய்போல் கிடந்தன.

காரணம் எளிது. பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துக்குரிய எண்ணிடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்தி வைத்தவை. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் வேடம் கலைந்து ஆங்கிலமே தோன்றும். ஒருங்குறியிலோ தமிழ் எழுத்துகட்குத் தனி எண்கள் உள்ளன. 1991-இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. இவற்றையெல்லாம் அரைமணி நேரம் விரித்துரைத்தோம். பதினோராண்டு மடல்கள் கத்தரிக்காயாய்க் கிடக்கக் கண்டவர்க்கு விரிவுரை எதற்கு என்பது அப்போது எமக்குத் தோன்றவில்லை.

அத்துடன் அமைந்தோமா? 1999-இல் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டின் வழியே பொதுத்தரமாய் அமைந்த தமிழ்99 விசைப்பலகையையும் அவர்க்கு நிறுவித் தந்தோம். தட்டச்சுப் பொறியில் ‘கொ’ என்று அடிக்க முதலிற் கொம்பு, பிறகு ககரம், ஈற்றில் கால் என மூன்று தட்டு வேண்டும். தமிழ்99-இல் ககரமும் ஒகரமுமாக இரண்டே. “உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும், ஆகவே இதுவே இலக்கண நெறி” என்று, வகுப்பிற் கற்றதைத் தந்தையார்க்கு ஓதினோம். அவர், “இலக்கணம் சரிதான், தம்பி. என் விரல்கள் அதைப் படிக்கவில்லையே” என்றார். அவர் தடுமாறியபோதெல்லாம், “கொடுங்கள், அப்பா” என்று சுட்டியைப் பிடுங்கி யாமே செய்து முடித்தோம். விரைவாய் முடிந்தது, அவர் கற்றது ஒன்றுமில்லை.

அடுத்த ஞாயிறு தந்தையார் கணிப்பொறியின்பக்கம் செல்லவில்லை. கண் வலிக்கின்றது என்றார். அதற்கடுத்த ஞாயிறும் கண் வலித்தது. மூன்றாம் ஞாயிறும் அவ்வாறே. நான்காம் வாரம் அத்தையார் கைப்பட எழுதிய மடலொன்று தாயார் பெயருக்கு வந்தது. “மூன்று வாரமாய்த் தம்பியிடமிருந்து எழுத்து வரவில்லை. உடம்புக்கு ஏதேனும் என்றால் என்னிடம் மறைக்காதே. நான் ஏதும் தவறாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்” என்று அதில் இருந்தது. படித்த எமக்கு நகைப்பெல்லாம் வற்றிப்போயிற்று. யாம் மாற்றியது ஒரு பொறியை என்றிருந்தோம். அடைத்ததோ இரு முதியோர்க்கிடையே இருந்த ஒரே வாயிலை.

அம்மடலில் வேறொன்றும் கண்டோம். லை, னை முதலியவற்றை அத்தையார் யானைத் துதிக்கை போன்ற பழைய வடிவிலேயே எழுதியிருந்தார். தமிழக அரசார் எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது 1978-இல். அப்போது பதினெட்டு வயதினராய்த் தட்டச்சுப் பயின்றுகொண்டிருந்த தந்தையார், எவர் துணையுமின்றித் தம் கையெழுத்தை மாற்றிக்கொண்டார், அத்தையார் மாற்றவில்லை. எனினும் ஒருவர் எழுத்தை மற்றவர் படிக்க எந்நாளும் தடையிருந்ததில்லை. முதியோர்க்கு மாற்றம் ஒவ்வாது என்பது நம் தலைமுறை தன் பொறுமையின்மைக்கு இட்ட பெயரென்றே அன்று உணர்ந்தோம்.

நாட்டின் வரலாறும் இதற்குச் சான்று. 1957 ஏப்ரல் முதல் நாளில், பதினாறு அணாவாயிருந்த ரூபாய் நூறு நயா பைசா ஆயிற்று. அன்று அணாக் காசுகளைப் பிடுங்கி எறிந்தாரிலர். பழையதும் புதியதும் சில ஆண்டுகள் உடன் வழங்கின. மக்கள் பழகிய பின்னர், 1964-இல் ‘நயா’ என்னும் அடைமொழி உதிர்ந்தது. இருபத்தைந்து காசு நாணயம் 2011-இற் செல்லாதாயிற்று. நாலணா என்னும் சொல்லோ சென்னையில் இன்றும் செல்லுகின்றது. புதியது வருக, ஆனால் பழையதன் பெயரையும் வழியையும் சிறிது காலமேனும் அது சுமந்து வருக. இதுவே எம் கருத்து.

தமிழ்99-ஐ யாம் குறை கூறவில்லை. புதிதாய்ப் பயில்வோர்க்கு அதுவே ஏற்றது. ஆயின், பொதுத்தரம் என்பது வருவோர்க்கு வாயிலாதல் வேண்டும். முன்னரே உள்ளிருப்போரை வெளியேற்றும் கதவாதல் கூடாது. லினக்ஸில் பழைய தட்டச்சு விசைமுறையும் உண்டு. தேடியிருப்பின் முதல்நாளே கிடைத்திருக்கும். தேடாதது எம் குற்றம். அதை நிறுவினோம். பழைய எழுத்துருவையும் சேர்த்தோம், மடல்கள் தமிழாயின. மூலங்களைத் தொடாமல் அவற்றின் படிகளை ஒருங்குறிக்கு மாற்றினோம். மடற்கோப்புறைக்கு ‘சீ’ என்றே பெயரிட்டோம். பின்னர் இரு கைகளையும் முதுகின்பின் கட்டிக்கொண்டு, அவர் கேட்டாலன்றி வாய் திறவாது நின்றோம். எம் கல்வியில் இதனினும் கடிய பாடம் இல்லை.

நம் நகரில் இத்தகைய முதியோர் தெருவுக்குத் தெரு உளர். நம் கல்லூரி நாட்டுநலப் பணித் திட்டத்தார் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் அவர்கட்கெனக் கணிப்பொறிக் கூடத்தைத் திறந்து வைத்தல் நன்று. அங்குச் செல்லும் மாணவர்க்கு விதி ஒன்றே போதும்: முதலிற் கேட்க, சுட்டியைத் தொடற்க.

அடுத்த ஞாயிறு தந்தையார் மீண்டும் அமர்ந்தார். கொம்பு, ககரம், கால் எனத் தட்டொலி கேட்டது. அச்சிட்ட மடலை உறையிலிட எம்மிடம் தந்தார். அதில் ஒரு பகுதி எம் கண்ணிற் பட்டது. “அக்கா, எனக்கு ஒன்றுமில்லை. வீட்டில் சில வாரம் பாடம் நடந்தது. உங்கள் மருமகன் முதலில் தவறினான்; இப்போது தேறிவிட்டான்.”