பீரோவுக்குள் இருக்கும் மாத்திரை

கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை நம் வீடுகளில் சாப்பாட்டு மேஜையின்மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருப்பார்கள். மனச்சோர்வுக்கு வைத்தியர் கொடுத்த மாத்திரையோ பீரோவுக்குள் புடவை மடிப்பின் கீழே இருக்கும். ஹிருதய வைத்தியர், "வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது, அருகில் மருமகள் நிற்கிறாளே என்று அம்மையார் வாய் திறப்பதில்லை. இந்த மௌனம் சில சமயம் ஆபத்தாய் முடியும்.

ஸ்டாடின் வர்க்கத்தைச் சேர்ந்த ஸிம்வாஸ்டாடின், லோவாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் ஆகியவற்றைக் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி சிதைத்து அப்புறப்படுத்துகிறது. அந்த மடையை வேறொரு மருந்து அடைத்துவிட்டால், நீர் தேங்குவதுபோல் ஸ்டாடின் ரத்தத்தில் தேங்கும். 1994-ஆம் வருஷம் அமெரிக்காவில் அநுமதி பெற்ற நெபஸோடோன் என்னும் மனச்சோர்வு மருந்து, மடையைப் பலமாக அடைக்கும் இயல்புடையது. அதனுடன் ஸிம்வாஸ்டாடினையும் உண்ட சிலருக்குத் தசைகளே சிதைந்தன. இவ்வாறு சிதையும் தசையின் சத்து ரத்தத்தில் கலந்தால், மூத்திரம் காப்பி டிகாக்ஷன் நிறமாக வரும், சிறுநீரகமும் கெடக்கூடும். இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாகாது என்று ஸிம்வாஸ்டாடினின் மருந்துக் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள். நெபஸோடோன் சிலருடைய கல்லீரலையும் கெடுத்தது. அதை முதலில் விற்ற கம்பெனியார் 2004-இல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தினர்.

மனச்சோர்வு மருந்துகள் யாவும் இத்தகையன அல்ல. ஸெர்ட்ராலினும் எஸிடாலோப்ராமும் இவ்விஷயத்தில் பெரும்பாலும் சாதுக்களே. ஸ்டாடின்களிலும் ப்ராவாஸ்டாடின், ரோஸுவாஸ்டாடின் இரண்டும் அந்த மடை வழியே அதிகம் செல்வதில்லை. ஆகையால் வைத்தியருக்கு மாற்று வழிகள் உண்டு. உண்மை அவர் காதில் விழவேண்டும், அவ்வளவுதான்.

மூலிகை என்றாலே தீங்கற்றது என்று நம்புவோரும் நம்மில் அநேகர். மேல்நாட்டார் மனச்சோர்வுக்கு உண்ணும் ஸெயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற பச்சிலை மடையை அகலத் திறந்துவிடும். ஸிம்வாஸ்டாடின் தன் வேலையைச் சரிவரச் செய்யுமுன்பே கரைந்து போகும்.

இதைப் படித்துவிட்டு யாரேனும் இன்றிரவே மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பழி என்னைச் சேரும். மனச்சோர்வு மருந்தைத் திடீரென்று விட்டால் தலைசுற்றலும் படபடப்பும் உண்டாகலாம். பழைய துயரமும் திரும்பலாம். காரணமின்றித் தொடையும் தோளும் நோவெடுத்தாலோ, மூத்திரம் கறுத்தாலோ, அன்றே வைத்தியரிடம் செல்லவேண்டும். செல்லும்போது மேஜைமேல் உள்ளதோடு பீரோவில் உள்ளதையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மருமகள் எதிரில் சொல்லக் கூச்சமாயிருந்தால், மாத்திரை அட்டையை வைத்தியர் கையில் கொடுத்தாலே போதும்.