குட்டியின் சாவுக்கும் ஒரு கணக்கு வேண்டும்



நாய் வளர்ப்பவர்களிடம் ‘பார்வோ’ வைரஸ் நோய் என்று சொன்னாலே முகம் மாறிவிடும். காலையில் குட்டி சாப்பிடாது. தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்திலேயே படுத்திருக்கும், குடிக்காது. மதியத்துக்குள் நுரையும் மஞ்சளுமாக வாந்தி. பிறகு ரத்தக் கழிச்சல். அதன் வாடை வந்ததுமே கால்நடை மருத்துவமனையில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் தட்டிவிடும். வைத்தியம் பார்க்காமல் விட்டால் பத்தில் ஒன்பது குட்டிகள் பிழைப்பதில்லை. நேரத்தோடு தூக்கிப் போய், டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை அடக்கி, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டால் பெரும்பாலானவை எழுந்து நடந்துவிடும்.

செத்துப்போன குட்டியைப் புதைத்துவிட்டு வீடே அழும். அடுத்த தெருவிலும் அதே வாரம் ஒரு குட்டி செத்திருக்கும். அந்த வீடும் தனியாக அழும். இரண்டையும் சேர்த்து எழுதி வைக்க ஆள் இருக்காது. இந்த மாதம் உங்களிடம் நான் மனம்விட்டுப் பேச நினைப்பது இதைத்தான். எந்த ஊரில், எந்த மாதத்தில், என்ன வயதில், தடுப்பூசி போட்டதா போடாததா என்று ஒவ்வொரு பார்வோ நோய்க்கும் கணக்கு வைத்தாக வேண்டும்.

இந்த வைரஸைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அப்படிக் கணக்கு வைத்தவர்களால் கிடைத்தது. 1978-ல் நாய்களிடம் புதிதாகத் தலைகாட்டிய இந்த நோய், இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவியது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸுக்கு இது மிக நெருங்கிய உறவு. எப்போது கிளம்பியது என்று தேடியவர்களுக்கு உதவியது, ஐரோப்பாவில் வேறு எதற்கோ எடுத்து உறையவைத்திருந்த பழைய நாய் ரத்த மாதிரிகள். 1970-களின் நடுப்பகுதி மாதிரிகளிலேயே எதிர்ப்புப் பொருள் இருந்தது. நோய் கண்ணில் படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே வைரஸ் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தியாவில் இந்நோய் பற்றிய முதல் அறிக்கைகள் 1980-களின் தொடக்கத்தில் வெளிவந்தன. அவை நம் சென்னையிலிருந்து வந்தவை. கண்டதை எழுதி வைத்த அந்தக் கால்நடை மருத்துவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஐல் ராயல் என்று ஒரு தீவு. அங்குள்ள ஓநாய்களை 1958-லிருந்து ஏறக்குறைய ஆண்டுதோறும் எண்ணி வருகிறார்கள். 1980-ல் 50 இருந்தன, 1982-ல் 14. யாரோ தீவுக்குக் கொண்டுவந்த நாயிடமிருந்து பார்வோ தொற்றியதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எண்ணிக்கொண்டிருந்ததால்தான் அந்தச் சரிவு தெரிந்தது.

அண்மைக் காலத்தில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தின் வடக்கே, ஒட்செகோ மாவட்டத்தில் நாய்கள் வரிசையாகச் சாகத் தொடங்கின. பெரும்பாலும் 2 வயதுக்கு உட்பட்டவை. வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாக மூன்று நாளில் முடிந்துவிட்டன. பார்வோவாக இருக்குமோ என்று மருத்துவமனையிலேயே கிட் வைத்துச் சோதித்தார்கள். இல்லை என்று வந்தது. புதிதாக ஏதோ மர்ம நோய் என்று பேச்சு பரவி, நாய் வளர்ப்பவர்கள் நடுங்கிப் போனார்கள். அங்கிருந்த விலங்குக் காப்பகமும் மருத்துவர்களும் விவரங்களைத் திரட்டினார்கள். மாதிரிகள் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் கால்நடை நோயறி ஆய்வகத்துக்குப் போயின. ஆகஸ்ட் முடிவதற்குள் விடை கிடைத்தது: பார்வோதான். நோய் கண்ட நாய்கள் எதற்கும் தடுப்பூசி முழுமையாகப் போடப்பட்டிருக்கவில்லை. மர்மம் விலகியதும் செய்ய வேண்டியதும் தெளிவாகிவிட்டது: விட்டுப்போன ஊசிகளைப் போட வேண்டும்.

கணக்கின் பயன் இதுதான். கிட் சோதனை சில நேரம் நோயைத் தவறவிடும். ஒரே பகுதியில் ஒரே மாதிரி சாவுகள் அடுத்தடுத்து நடப்பது ஏட்டில் பதிவாகியிருந்தால், ஆய்வகம் வரை போய்ப் பார்க்கத் தோன்றும். இந்த வைரஸ் மாறவும் செய்கிறது. 2ஏ, 2பி, 2சி என்று வகைகள் வந்துவிட்டன. 2சி வகை இத்தாலியில் 2000-ல் கண்டறியப்பட்டது. நம் ஊரில் இப்போது சுற்றுவது எது என்று சொல்ல, நம் ஊரின் மாதிரிகள்தான் வேண்டும்.

வளர்ப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்புச் சக்தி குட்டியைச் சில வாரம் காக்கும். அதே சக்தி ஊசி மருந்து வேலை செய்வதையும் தடுக்கும். அது என்றைக்குக் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை ஊசி போடச் சொல்கிறார்கள். “ஒரு ஊசி போட்டாச்சே” என்று நிறுத்திவிடும் வீடுகளின் குட்டிகள்தான் மாட்டிக்கொள்கின்றன. வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வரும். ஊசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்காதீர்கள். நோய் வந்த இடத்தை முதலில் நன்றாகக் கழுவி, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். சாதாரண பினாயிலை நம்ப வேண்டாம். நாய்ப் பார்வோ மனிதருக்குத் தொற்றாது. பயப்படாமல் பக்கத்தில் இருந்து கவனியுங்கள்.

உங்கள் வீட்டுக் குட்டிக்கு நோய் வந்தால், சீட்டில் வயது, தெரு, கடைசியாக ஊசி போட்ட தேதி மூன்றையும் எழுதும்படி மருத்துவரிடம் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் நாய் வைத்திருப்பவர்களிடம் அன்றே சொல்லிவிடுங்கள். மறைப்பதில் மானம் ஒன்றும் இல்லை. தெரு நாய்களுக்குச் சோறு வைக்கும் அன்பர்களே, எந்தக் குட்டி சுணங்குகிறது என்று முதலில் காண்பது நீங்கள்தான். ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மருத்துவர்களே, அந்தக் குறிப்புகளை மாதம் ஒருமுறை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். கால்நடைத் துறை அதை மாவட்டவாரியாகத் தொகுத்து வெளியிட்டால், எந்த ஊருக்கு ஊசி முகாம் முதலில் போக வேண்டும் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்