ஊர் சுற்றவா, நாடகம் பார்க்கவா?

குட்டீஸ்... லண்டன் லைசியம் தியேட்டரில், 1999ல் துவங்கியது, 'லயன் கிங்' இசை நாடகம். இடைவேளையும் சேர்த்து, இரண்டரை மணி நேரம்! பகலெல்லாம் ஊர் சுற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தால், தூக்கம் தான் வரும். சினிமாவை மறுநாளும் பார்க்கலாம். மேடையில் நேரில் பாடுவதை, தவற விட்டால் விட்டது தான்.

என்னைக் கேட்டால், முதலில் நாடக டிக்கெட். பிறகு தான் மற்ற இடங்கள். அதுவும், நடக்கும் தூரத்தில் இரண்டு போதும். காலையில், அனுமதி இலவசமான பிரிட்டிஷ் மியூசியம். மதியம், கோவன்ட் கார்டனில் உள்ள போக்குவரத்து மியூசியம். மாலையில் ஓய்வு. நாடகம் துவங்க அரை மணி நேரம் முன், தியேட்டரில் இருக்க வேண்டும்.

பத்து இடம் பார்ப்பது பெருமையல்ல. ஒன்றை விழித்திருந்து ரசிப்பதே பெருமை. அடுத்த சுற்றுலாவுக்குத் திட்டமிடும் போது, அப்பா, அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், செல்லங்களே!