ஜவ்வாது மலை மூலிகையும் மார்பகக் கட்டியும்

'ஜவ்வாது மலை மூலிகையில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து' ஃபார்வர்டு இந்த வாரம் மட்டும் நாலு பேர்கிட்டேர்ந்து வந்தாச்சு. தனித்தனியா பதில் சொல்லி முடியல. இழையாவே எழுதிடறேன், கொஞ்சம் நீளம்.

இப்படிப்பட்ட ஆய்வுகள்ல என்ன செய்யறாங்க? இலையைப் பறிச்சு, காயவச்சு, ஆல்கஹால்ல ஊறவச்சு சாறு எடுப்பாங்க. அதுல ஃபிளேவனாய்டு இருக்கானு பார்ப்பாங்க. (இருக்கும். சின்ன வெங்காயத்திலயும் முருங்கைக்கீரையிலயும்கூட இருக்கு.) அப்புறம் கம்ப்யூட்டர்ல ஏதாவது ஒரு புரதத்தோட பொருத்திப் பார்ப்பாங்க, இல்லனா எம்சிஎஃப்-7 செல்கள் மேல விடுவாங்க.

எம்சிஎஃப்-7ங்கறது அமெரிக்காவில் இந்த நோய் வந்த ஒரு கன்னியாஸ்திரி உடம்புலேர்ந்து எடுத்து, 1970கள்லேர்ந்து ஆய்வகங்கள்ல வளர்க்கற செல். செல் செத்துச்சாம், சந்தோஷம். உப்பை அள்ளிக் கொட்டினாலும் அது சாகும்!

கண்ணாடிக் கிண்ணத்துக்குக் கல்லீரல் கிடையாது, உங்களுக்கு உண்டு. நீங்க சாப்பிடற க்வெர்செடினைக் குடலும் கல்லீரலும் உருமாத்தி வெளியே தள்ளிடும். ரத்தத்துல மிஞ்சறது, கிண்ணத்துல விட்ட அளவுக்குப் பக்கத்துலகூட வராது.

"பலன் இல்லனா போகுது, கெடுதல் இல்லையே டாக்டர்?"

இங்கதான் எனக்குக் கோவம் வருது. சோயாவில் இருக்கற ஜெனிஸ்டீனும் இந்தக் குடும்பம்தான். இதே எம்சிஎஃப்-7 செல்லை அது அதிக அளவில் தடுக்கும், குறைஞ்ச அளவில் வளர்த்துவிடும். 2002ல் வந்த ஒரு எலி ஆய்வில், டமாக்சிஃபென் மாத்திரையோட வேலையையே அது கெடுத்துச்சு. மனுஷங்ககிட்ட அப்படியே நடக்கும்னு சொல்லல. குழம்புல சோயா போடறதையும் குறை சொல்லல. 'இயற்கை, அதனால பாதுகாப்பு'னு அடிச்சு விடாதீங்கன்னுதான் சொல்றேன்.

மூலிகைன்னா இளக்காரமானு கேட்பீங்க. இல்லைங்க. நாங்க ஏத்தற பக்லிடாக்சல் பசிபிக் யூ மரத்தோட பட்டையிலேர்ந்து வந்ததுதான். பட்டையைச் சேகரிச்சது 1962. மார்பகப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி கிடைச்சது 1994. நடுவுல 32 வருஷம். உங்க ஃபார்வர்டு அதை ஒரே ராத்திரியில தாண்டுது.

போன வருஷம் ஜமுனாமரத்தூர் பக்கத்திலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. நெல்லிக்கா அளவுல கட்டி இருந்தப்போ பத்து போட ஆரம்பிச்சிருக்காங்க. எட்டு மாசம். வரும்போது புண்ணாகி, அக்குள்லயும் நெறி கட்டியாச்சு. பத்து சொன்னது மலைக்கார வைத்தியர் இல்ல, "எனக்குத் தெரியாது, ஆஸ்பத்திரிக்குப் போ"ன்னு அவர் அனுப்பியிருக்கார். டவுன்ல இருக்கற பேரன் போனுக்கு வந்த வீடியோ!

பரவாத நிலையில் இருந்தும் மாற்று மருத்துவம் மட்டும் எடுத்த மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு, முறையான சிகிச்சை எடுத்தவங்களைவிட மரண அபாயம் 5 மடங்குக்கு மேல்னு 2018ல் ஒரு அமெரிக்க ஆய்வு சொல்லுச்சு. அந்த அம்மாவோட எட்டு மாசம் இந்தக் கணக்குல சேரும்.

கட்டி தட்டுப்பட்டா, வலி இல்லையேன்னு இருந்துடாதீங்க. போளூரோ திருவண்ணாமலையோ, இறங்கி வந்து காட்டுங்க. ஊசி குத்தி சோதிச்சா பரவிடும்ங்கறது புரளி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல புற்றுநோய் சிகிச்சையும் வருது, ரேஷன் கார்டையும் ஆதாரையும் கையோட எடுத்துட்டு வாங்க.